ஓடாவி வேலைக்குப் போனவன்

"கம்பஸ் கிடைக்கேல்லையோ?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிக்க, "அப்ப வெளிநாட்டுக்கு ட்ரை பண்ணேல்லையோ?" என்று இரண்டாவது வரும். மூன்றாவது கேள்வியை என் முகத்துக்கு நேரே ஒருத்தரும் கேட்பதில்லை. அம்மாவிடம்தான் கேட்பார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில், கணிதப் பிரிவில், எனக்கு மூன்று 'எஸ்'. எங்கட பக்கத்தில் அந்தப் பெறுபேறோடு ஒரு பெடியனுக்கு முன்னால் இருக்கிற வழிகள் எல்லாருக்கும் பாடம். திரும்ப எடுக்கலாம். கொழும்பில் காசு கட்டி ஏதாவது படிக்கலாம். ஏஜென்சிக்காரனைப் பிடிக்கலாம். கடையொன்றில் கணக்கெழுதலாம். 2019 மாசியில் நான் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் கோண்டாவிலுக்குப் போய், ஒரு மரப்பட்டறை வாசலில் நின்று, "வேலை பழக வரலாமோ ஐயா?" என்று கேட்டேன். பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு மரத்தில் கைவைக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஓடாவியார் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கட பெடியள் இதை விட்டிட்டு ஓடுறாங்கள். நீ என்னத்துக்குத் தம்பி வாறாய்?"

ஓடாவி என்ற சொல்லை இப்போது இளம் ஆக்கள் பெரிதாகப் பாவிப்பதில்லை. தச்சர், மரவேலை செய்யிறவர், கொஞ்சம் நாகரிகமாக 'பேர்னிச்சர் காரர்' என்றாகிவிட்டது. எனக்கு ஓடாவிதான் பிடித்த சொல். அது ஓடம் கட்டுகிறவனைக் குறித்த சொல். கடல் சூழ்ந்த ஊரில் மரவேலைக்காரனுக்குப் படகு கட்டுகிறவனின் பெயர் நின்றது பொருத்தம்தானே. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அந்தக் கப்பலைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் மாலுமிகளின் வீரத்தைத்தான் கதைக்கிறோம். சமுத்திரம் தாண்டும் அளவுக்கு அதன் பலகைகளைப் பொருத்திய கைகளைப் பற்றி ஒரு வரி கூடக் கதைப்பதில்லை. பிறகு காரைநகர் சீநோர் போன்ற இடங்களில் கண்ணாடிநார்ப் படகுகள் வர, ஓடாவியிடமிருந்து ஓடம் போய்விட்டது. கதவும் கதிரையும் மிஞ்சின.

கதிரை என்ற சொல்லும் வந்த சொல்தான். மேசை, கதிரை, யன்னல், அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. லாச்சி ஒல்லாந்தருடையது. கட்டில் எங்களுடையது. இதை வைத்துப் பார்த்தால் முன்பு எங்கட வீட்டில் என்ன தளபாடம் இருந்தது, என்ன இருக்கவில்லை என்று ஓரளவு ஊகிக்கலாம். பட்டறையில் சும்மா இருக்கிற நேரம் யோசித்தது, சரித்திர ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

முதல் மூன்று மாதம் நான் ஒரு கதவும் செய்யவில்லை. கூட்டினேன். பலகை அடுக்கினேன். உளி தீட்டினேன். பலகை அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அப்படியே போடக் கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே தடிப்பான சின்னச் சட்டங்களை வைத்து, காற்றுப் போக இடம் விட்டு அடுக்க வேண்டும். அந்தச் சட்டங்கள் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை பாரத்தில் வளைந்து அப்படியே காய்ந்துவிடும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் என்பது பொதுவான கணக்கு. இப்போது ஆருக்கு அந்தப் பொறுமை? போன கிழமை தறித்த வேம்பு இந்தக் கிழமை நிலையாகி, அடுத்த கிழமை வீட்டில் ஏறிவிடுகிறது.

தீட்டுவதை ஓடாவியார் எனக்கு வாயால் சொல்லித் தரவில்லை. கல்லைத் தந்தார், உளியைத் தந்தார். நான் தீட்டிக் கொடுப்பேன். அவர் பெருவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்துத் திருப்பித் தருவார். 25 பாகைச் சரிவு என்று புத்தகத்தில் நான் வாசித்தது பின்னாள். கையில் அது வேறு மாதிரித்தான் வருகிறது. சரிவு முழுவதும் கல்லில் படுத்திருக்கிற ஒரு உணர்வு. அது தவறினால் சத்தம் மாறும். சீவுளி அலகு சரியாகத் தீட்டுப்பட்டால் வருகிற மரச்சீவலைப் பிடித்து, அதற்குள்ளால் உதயன் பேப்பர் வாசிக்கலாம். நான் வாசித்துப் பார்த்தேன். தலைப்புச் செய்தி மட்டும் தெரிந்தது.

கணிதம் வேறு இடத்தில் வந்து நின்றது. நிலை ஒன்று சரியான மூலைமட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஓடாவியார் ஒரு பக்கம் மூன்றடி, மற்றப் பக்கம் நாலடி அளந்து குறித்துவிட்டு, குறுக்கே நாடாவைப் பிடிப்பார். ஐந்தடி வந்தால் சரி. "இது பைதகரஸ் தேற்றம் ஐயா" என்றேன். "அது ஆர்?" என்றார். விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, "அந்தாளும் ஓடாவி போல" என்றார்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். குடாநாட்டில் காடு இல்லை. எங்கட வளவுகளில் நிற்பது வேம்பு, பனை, பலா, பூவரசு, புளி. முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து வரவேணும், அதற்குப் பெர்மிட் வேணும். பலாவையும் பெண்பனையையும் சொந்த வளவில் நின்றாலும் நினைத்தபடி தறிக்கேலாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுக்க வேண்டும். பனை எங்கட கூரை. வைரம் பாய்ந்த பனையில் அரிந்த வளையும் சிலாகையும் நூறு வருசம் நிற்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் சீவுளிக்குப் பனை எதிரி. நார் நாராக எழும்பும், சிராய் ஏறினால் கை இரண்டு நாளைக்கு வேலைக்கு உதவாது. யுத்தக் காலத்தில் பங்கருக்கு என்று எத்தனை ஆயிரம் பனங்குற்றிகள் போயின என்பதை எங்கட பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

2006இல் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது வன்னி மரம் நின்றுபோனது. அந்தக் காலத்தில் பழைய வீடுகளின் தீராந்தியையும் உடைந்த கதவுகளையும் வாங்கித்தான் வேலை செய்ததாக ஓடாவியார் சொல்வார். "ஆணி பிடுங்கிறதிலேயே பாதி நாள் போயிடும். ஆனா மரம் எண்டா மரம். அது முந்தியே காஞ்சு, வளையிறதெல்லாம் வளைஞ்சு முடிஞ்சுது." 1995 இடப்பெயர்வில் அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது சாக்கொன்றில் கட்டிய சீவுளிகளும் உளிகளும். மனிசி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா, அரிசிச் சட்டியை விட்டுவிட்டு இரும்பைக் காவின மனிசன் என்று.

எங்கட ஊர்க் காலநிலையை மரத்தைப்போல அறிந்த ஒன்று இல்லை. சோளகம் அடிக்கிற மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரத்தைக் குடித்து ஊதும். நீளப்பாட்டில் மரம் அசைவது இல்லை என்றே சொல்லலாம்; அகலப்பாட்டில்தான் அசைகிறது. ஒரு அடி அகலப் பலகை எட்டில் ஒரு அங்குலம் கூடிக் குறைவது சாதாரணம். மாரிக்குக் கதவு இறுகுகிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்களே, அது இதுதான். பழைய ஆக்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் பனல் கதவு. சுற்றிவரச் சட்டம். ஒரு சட்டத்தில் துளை, மற்றச் சட்டத்தில் அதற்குள் போகிற நாக்கு, அவ்விடத்தில் பசையும் ஆப்பும். நடுவில் நிற்கிற அகலப் பலகைக்கு மட்டும் பசை இல்லை, ஆணி இல்லை. சட்டத்தின் உட்பக்கத் தவாளிப்புக்குள் அது சும்மா நிற்கிறது. அது ஊதலாம், சுருங்கலாம், சட்டத்துக்குத் தெரியாது. இதை விளங்கிய அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோசம், நாலு வருசம் ரியூசனுக்குப் போன எந்தப் பாடத்திலும் ஏற்பட்டதில்லை. இப்போது வேலைக்குப் போகிற வீடுகளில் வெடித்த கதவைக் கண்டால் முதலில் நடுப்பலகையைத்தான் பார்ப்பேன். அனேகமாக ஆரோ ஒருத்தர் அதைச் சுற்றிவரப் பசை போட்டு இறுக்கியிருப்பார். கட்டிவைத்த மரம் வெடிக்காமல் என்ன செய்யும்?

இனி அந்த மூன்றாவது கேள்வி. "தச்ச வேலைக்கோ விட்டனீங்கள்? உங்கட ஆக்கள் அது செய்யிறேல்லையே. நாளைக்குக் கலியாணம் எண்டு வரேக்க..."

நான் வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்தவன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். ஏனென்றால் நான் இந்த வேலையைத் 'தெரிவு செய்தேன்' என்று சொல்லலாம், எல்லாரும் கைதட்டலாம். வலைப்பக்கத்தில் எழுதவும் சொல்வார்கள். ஓடாவியார் இதைத் தெரிவு செய்யவில்லை. தகப்பன் செய்தார், அவரும் செய்தார். எனக்கு இது தொழில். ஊர் அவருக்கு இதைச் சாதியாகவே கொடுத்தது.

இணுவில் பக்கம் ஒரு வீட்டுக்கு யன்னல் பூட்டப் போயிருந்தோம். வீட்டுக்காரருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், ஓடாவியாருக்கு அப்போது அறுபத்து நாலு. "நீர் நாளைக்கு வெள்ளண வாரும்" என்று அவருக்குச் சொன்ன மனிசர், நான் உரும்பிராயில் இன்ன குறிச்சி என்று பேச்சோடு பேச்சாக விசாரித்து அறிந்த பிறகு எனக்கு "தம்பி, நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். எனக்கு வயது இருபது. ஓடாவியார் ஒன்றும் கவனிக்காத மாதிரிப் பிணைச்சல் பூட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது நான் அந்தக் கதையை எடுத்தேன். "உதெல்லாம் பழகிட்டுது. நீ யன்னலைப் பார்த்தனியே, கொண்டி சரியா விழுதோ?" என்று கேட்டார். இதே ஆக்கள்தான் நல்லூர் இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேருக்கும் சப்பறத்துக்கும் வாகனங்களுக்கும் முன்னால் விழுந்து கும்பிடுகிறார்கள். சாமி ஏறுகிற குதிரையைச் செதுக்கிய கைக்கு 'நீர்'.

அவருடைய மூத்த மகன் கனடாவில் லொறி ஓடுகிறான், இளையவன் வவுனியாவில் வங்கியில். இருவருக்கும் உளி பிடிக்கத் தெரியும், பிடிப்பதில்லை. "பாரம்பரியக் கலைகள் அழிகின்றன" என்று மேடையில் கவலைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. அந்தப் பெடியள் விட்டுப்போனது மரத்தை இல்லை, அந்த 'நீரை'. மரியாதையையும் கூலியையும் கூட்டாமல் பாரம்பரியத்தைக் காப்பாற்றச் சொல்வது மற்றவன் முதுகில் பாரம் ஏற்றுவது.

தொழிலின் நிலவரத்துக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த பிறகு சில வருசம் ஓடாவிமாருக்கு நல்ல காலம் இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்து வடக்கு கிழக்கில் பல்லாயிரம் வீடுகள் கட்டுப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை, கதவு, யன்னல், கூரை வேணுமே. அலுமினியமும் அந்தக் காலத்தோடுதான் வந்தது. இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் யன்னலுக்கு அலுமினியம், குளியலறைக்குப் பிளாஸ்ரிக் கதவு, கூரைக்கு இரும்பு என்று போய், முன்கதவு ஒன்றை மட்டும் முதிரையிலோ தேக்கிலோ கேட்கிறார்கள். அலுமினியத்தைத் திட்டுவது சுகம். கறையான் அரிக்காது, மாரிக்கு இறுகாது, இரண்டு நாளில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதையும் சொல்லத்தானே வேணும். எங்கட பக்கத்தில் ஒரு கதவுக்கு மூன்று மாதம் இழுக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டு போன் எடுக்காத வியாதி எங்கட தொழிலுக்கு உண்டு.

2022ஐச் சொல்லாமல் விடேலாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. றவுட்டரும் மெஷின் சீவுளியும் சும்மா கிடந்தன. டொலர் 200 ரூபா அளவிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்ட, மெஷினுக்கு உதிரிப்பாகம் வாங்கவும் வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் சில பட்டறைகள் பூட்டின. எங்களது பூட்டவில்லை. ஓடாவியார் கைவாளை எடுத்தார், நான் தீட்டுக்கல்லை எடுத்தேன். வேகம் குறைவு, வேர்வை கூட. நாலு கதிரையும் ஒரு சாய்மனைக் கதிரையும் மின்சாரமே படாமல் செய்தோம். மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என்ர முதுகு அதற்குச் சம்மதிக்காது. கையால் பழகின பிறகு மெஷினுக்குப் போகலாம். மறுபக்கமாகப் போனவர்கள் அந்த மாதங்களில் கரண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

சேர்ட்டிபிக்கேற் விசயமும் பலர் கேட்பது. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டம். நாலு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைற்றாவிலோ மரவேலை படித்து எடுக்கலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்தும் காட்டி எடுக்கிற வழியும் உண்டு. நான் பட்டறையில் இரண்டு வருசம் நின்ற பிறகு அந்த வழியில்தான் எடுத்தேன். எடுக்கச் சொல்லித்தான் சொல்வேன். வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அதைக் கேட்கிறார்கள். ஓடாவியாரையும் எடுக்கச் சொன்னேன். நாற்பத்தைந்து வருச அனுபவம், போன உடனே கொடுப்பார்கள் என்றேன். "எனக்கு ஆர் மார்க்ஸ் போடுறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மதிப்பிட வருகிறவர் இவரிடம் படித்தவராகவும் இருக்கக்கூடும், அதுவும் உண்மைதான்.

காசு? தொடங்கும்போது நாளுக்கு 800 ரூபா தந்தார், வேலை தெரியாதவனுக்கு அது தர்மம். ஒரு வருசத்தில் 1500. இப்போது நானும் இன்னொரு பெடியனும் சேர்ந்து ஓடாவியாரின் பட்டறையிலேயே ஒரு பக்கத்தில் சொந்தமாக ஓடர் எடுக்கிறோம். அவருக்கு வாடகை கொடுக்கிறோம், அவர் வாங்க மாட்டேன் என்பார், மனிசியிடம் கொடுத்துவிடுவோம். கம்பஸ் முடித்து வேலைக்குக் காத்திருக்கிற என்ர வகுப்புப் பெடியளைவிட எனக்குக் கையில் காசு உண்டு. மாதச் சம்பளம், ஓய்வூதியம், அரசாங்கக் கடன் இல்லை. ஆடி மாதத்தில் ஒருத்தரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், அந்த மாதத்தைத் தாங்கச் சேமிக்க வேணும். விலை சொல்லும்போது மரத்தின் கன அடியை மட்டும் கணக்குப் பார்க்காமல், அரிந்து கழிகிறதையும், சண்பேப்பர், வார்னிஷ், ஏற்றுகூலியையும் சேர்க்க வேணும். உங்கட நாட்கூலியையும் வெட்கப்படாமல் போட வேணும். சொந்தக்காரர் கேட்டாலும் போட வேணும். சொந்தக்காரர் கேட்டால் கட்டாயம் போட வேணும்.

அம்மா இப்போது அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறா என்று எனக்குத் தெரியாது. போன தைக்குச் சாமியறைக்கு ஒரு பூவரசம் பலகைத் தட்டு அடித்துத் தரச் சொல்லிக் கேட்டா, அடித்துக் கொடுத்தேன். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இல்லை" என்றார்.

தொடங்க நினைக்கிற ஆக்களுக்கு: உடனே மெஷின் வாங்க ஓடாதேங்கோ. முக்கால் அங்குல உளி ஒன்று, கால் அங்குல உளி ஒன்று, கொட்டாப்புளி, நல்ல கைவாள், மூலைமட்டம், தீட்டுக்கல், ஒரு சீவுளி, இவ்வளவும் காணும். சீவுளி புதிது வாங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். பின்பக்கக் கொட்டிலுக்குள் ஸ்ரான்லி, றெக்கோட் என்று பேரப்பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாத சீவுளிகள் துருப்பிடித்துக் கிடக்கும், பழைய இரும்புக்காரன் நிறுத்துக்கொண்டு போகிறான். அவனுக்கு முந்திப் போங்கோ. துரு பிரச்சினை இல்லை, அலகு மொட்டையாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. அடிப்பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கோ. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் விட்டுவிட்டு வாங்கோ.